இருவாட்சி கூட்டு வாசலை அடைத்துக்கொண்ட கதை

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் வாய்ப்பேச்சு இருந்தது. பேச்சு இருந்ததால் சண்டையும் இருந்தது. இருவாட்சிகள் அப்போது மற்றப் பறவைகளைப் போலத் திறந்த கிளையில்தான் கூடு கட்டின.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் மேலமலைக் கூட்டம், அந்தப் பக்கம் கீழமலைக் கூட்டம். ஒரு பஞ்ச வருடத்தில் ஆற்றங்கரை அத்திமரம் யாருக்கு என்று தொடங்கிய தகராறில் இரண்டு பக்கமும் கூடுகள் கலைந்தன, முட்டைகள் உடைந்தன. முதலில் உடைத்தது யார் என்று கேட்டால் எல்லாரும் ஆற்றுக்கு அப்பால் அலகை நீட்டுவார்கள்.

மேலமலையில் சாத்தன் என்றொரு இருவாட்சி. உடைந்தவற்றில் அவன் கூடும் ஒன்று. அந்தத் துக்கத்திலேயே அவன் மனைவி போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு ஆற்றைப் பார்த்த மொட்டைக் கிளையில் காவல் இருப்பதே அவனுக்கு வேலையாயிற்று. அக்கரையில் இலை அசைந்தாலும் அவன் கழுத்து நிமிர்ந்துவிடும்.

ஒரு கோடையில் கீழமலை பற்றி எரிந்தது. புகைக்குள்ளிருந்து ஒருத்தி மட்டும் ஆற்றைத் தாண்டி வந்தாள். பெயர் உலகாயி. கணவன் தீயில் போய்விட்டான், கூட்டம் திசைக்கொன்றாகச் சிதறிவிட்டது, வயிற்றில் முட்டை இருக்கிறது, ஒதுங்க ஒரு கிளை போதும் என்றாள்.

மேலமலையில் யாரும் இரங்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இரக்கத்துக்கு முன்னால் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. வேவு பார்க்க வந்திருப்பாள் என்றார்கள். நம் கூடுகள் இருக்கும் இடம் தெரிந்ததும் பறந்துபோய்ச் சொல்லிவிடுவாள் என்றார்கள்.

“தீ நிஜம்தான்,” என்றான் சாத்தன். “இவள் நிஜமா என்பதுதான் தெரியவில்லை.”

உலகாயி பக்கத்து மரத்தின் பொந்துக்குள் நுழைந்து, தன் சிறகிலிருந்த இறகுகளை அலகால் பிடுங்கிப் பிடுங்கி வெளியே போட்டாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு உடம்பு கூசியது.

“இனி நான் பறக்க முடியாது,” என்றாள். “மண் கொண்டுவந்து வாசலை அடைத்துவிடுங்கள். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் விடுங்கள்.”

எதைத் தின்பாய் என்று யாரோ கேட்டார்கள்.

“நீங்கள் தருவதை.”

அடைத்தார்கள். ஆனால் இரை கொடுப்பது யார் என்ற பேச்சே எழவில்லை. அவரவர் கூட்டுக்குப் பறந்துவிட்டார்கள். சாத்தன் மட்டும் எதிர்மரத்து இலைகளுக்குள் மறைந்து உட்கார்ந்தான். இரக்கத்தால் அல்ல. அவளுக்கு இரை கொண்டு கீழமலைக்காரர்கள் திருட்டுத்தனமாக வருவார்கள், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று நினைத்தான். இறகைப் பிடுங்கியதுகூட நாடகமாக இருக்கலாம்.

யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இடுக்கில் அவ்வப்போது அவள் அலகு நுனி தெரிந்தது. கத்தவுமில்லை, கேட்கவுமில்லை. பசித்தவள் இவ்வளவு அமைதியாக இருப்பாளா என்று அவனுக்குச் சந்தேகம் கூடத்தான் செய்தது. சோதித்துப் பார்க்கத்தான் ஓர் அத்திப்பழத்தை இடுக்கில் நீட்டினான். அலகு அதை வாங்கி அப்படியே விழுங்கியது.

“நச்சு எட்டிப்பழமாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?” என்றான் சாத்தன்.

“உள்ளே வரும்போதே அதை யோசித்துவிட்டேன், அண்ணே.”

தன் முட்டைகளை உடைத்தது அவள் சனம்தான் என்றான் சாத்தன்.

“நான் உடைக்கவில்லை என்றால் நம்புவீர்களா?”

“மாட்டேன்.”

“அப்படியென்றால் அதைச் சொல்லவில்லை. முட்டை இட்டுவிட்டேன். அதை மட்டும் சொல்கிறேன்.”

சாத்தன் பறந்துபோனான். திரும்பி வந்தபோது அவன் தொண்டை நிறையப் பழம் இருந்தது. அதன் பிறகு தினமும் வந்தான். எதிரியை ஊட்டி வளர்க்கிறான் என்று சொந்தச் சனமே அவனை முறைத்தது.

மழை பெய்தது. சிதறிய கீழமலைக் கூட்டம் மறுபடி சேர்ந்தது. உலகாயியைச் சிறைவைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுச் சண்டைக்கு ஆற்றைத் தாண்டி வந்தது. மண் பூசிய வாசலையும் கீழே கிடந்த இறகுகளையும் பார்த்ததும், கொன்றேவிட்டார்கள் என்று நினைத்தது. மேலமலையும் திரண்டு நின்றது.

அந்த நேரத்தில்தான் சாத்தன் பழத்தோடு வந்தான். இரண்டு கூட்டமும் தன்னைக் கொத்தக் காத்திருப்பது அவனுக்குத் தெரிந்தது. ஆனாலும் போய்ப் பொந்தைத் தொற்றிக்கொண்டு, எல்லாருக்கும் முதுகைக் காட்டியபடி, பழங்களை உள்ளே கொடுக்கத் தொடங்கினான். உள்ளேயிருந்து ஒரு குஞ்சு கத்தியது.

யாரும் கொத்தவில்லை. கீழமலைக்காரி ஒருத்தி பறந்துபோய் ஒரு பழம் பறித்து வந்து அவனிடம் நீட்டினாள். சாத்தன் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தான். பிறகு வாங்கி உள்ளே கொடுத்தான்.

அடைத்த பொந்தில் முட்டை பத்திரமாக இருந்ததைப் பார்த்து, அடுத்த பருவத்தில் இரண்டு மலைப் பெண்களும் பொந்து தேடினார்கள். முட்டையிடும் காலத்தில் இருவாட்சிப் பெண் தன் வாசலை அடைத்துக்கொண்டு, பறக்கும் இறகை உதிர்த்துவிட்டு, வெளியே இருப்பவன் தருவதைத் தின்று குஞ்சு பொரிப்பது அன்று முதல்தான். ஆண் இருவாட்சியும் ஒருநாளும் தவறுவதில்லை. ஆனால் பழம் கொடுக்குமுன் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து சுற்றும் முற்றும் ஒருமுறை பார்த்துக்கொள்வான். அது மட்டும் இன்னும் போகவில்லை.