பதினான்காம் வயல் சட்டை

இன்னும் இருபது வருஷம் கழித்துத் திருப்பூரில் நடக்கப் போகிற கதை இது. நடந்து முடிந்தது போலவே சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள். கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

அங்கே ஒரு கம்பெனி இருந்தது. அது விற்ற ஒவ்வொரு சட்டையின் காலரிலும் பருத்தி விளைந்த வயலின் எண் தைத்திருக்கும். வாங்குகிறவர் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். கிழிந்தால் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், அவர்களே தைத்துத் தருவார்கள். உடுத்த ஆளில்லாமல் போனால் சட்டை அதே வயலுக்குத் திரும்பி மண்ணில் மக்க வேண்டும். பெட்டியில் பூட்டி வைக்க மட்டும் அனுமதி இல்லை. நூல் பருத்தி, பொத்தான் கொட்டாங்குச்சி, மண்ணுக்கு ஆகாதது ஒன்றும் அதில் கிடையாது. அப்படி ஏதாவது தையலில் சேர்ந்துவிட்டால் அந்தத் துணி தைத்தவர் தலையில் விழும். அவரே எடுத்துக்கொண்டு போக வேண்டும், வேலை போனாலும் போகும்.

கிழிசல் தைக்கும் அறையில் இருந்தவள் கோகிலவாணி. வயது ஐம்பத்திரண்டு. புருஷன் போய் வெகுகாலம், பிள்ளை இல்லை. கூடத் தைத்த எட்டுப் பேர் காதிலும் எந்நேரமும் பாட்டு. "சாப்டீங்களா?" என்று கேட்க ஆளில்லை. மிகைப்படுத்தவில்லை, ஒரு பொங்கல் லீவு நாலு நாளும் அவள் வாய் திறந்து பேசியது பால்காரரிடம் மட்டும்தான்.

வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு வெளிர்நீலச் சட்டை அவள் மேஜைக்கு வரும். பதினான்காம் வயல் சட்டை. உடுத்தியவர் சதாசிவம், கரூரில் தனியாக இருந்த ஓய்வு பெற்ற வாத்தியார். முகம் பார்த்ததில்லை. ஆனால் பையில் ஒரு சீட்டு இருக்கும். "முருங்கைக்காய் பறிக்கப் போயி மாட்டிக்கிச்சுங்க. இந்த வயசுல மரம் ஏறுனேன்னு எம் மககிட்டச் சொல்லிப்போடாதீங்க." அவர் மகளை இவளுக்கு எங்கே தெரியும்? இருந்தாலும் நாலு தடவை படித்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் பிஸ்கட் டப்பாவில் பத்திரப்படுத்துவாள். பதினோரு வருஷத்தில் இருபத்திரண்டு சீட்டு சேர்ந்தது.

ஒரு சீட்டில் அவர் எழுதினார்: "ஒட்டு தெரியாம இருந்தாத் தேவலைங்க. கோயிலுக்குப் போட்டுட்டுப் போற சட்டை." அறையில் ஒட்டுப் போடக் கொடுப்பதோ சாயம் ஏற்றாத வெள்ளைப் பருத்தி, நீலத்தில் வைத்தால் பளிச்சென்று தெரியும். அவளிடம் அதே நீலத்தில் பழைய புடவை ஒன்று இருந்தது. பாலியஸ்டர் கலந்தது. தெரிந்தேதான் வெட்டினாள். முதலில் முழங்கை, அடுத்த வருஷம் தோள், அப்புறம் முதுகு. தன் புடவைத் துண்டோடு கரூரில் ஒரு மனிதர் கோயிலுக்குப் போகிறார் என்ற நினைப்பில் அவளுக்குத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது கொஞ்சம் லேசாயிற்று. அவ்வளவுதான், நீங்களாக வேறு எதையும் கோர்க்காதீர்கள்.

கடைசித் தடவை சட்டை மேஜையில் இருக்கும்போதே அவர் காலமான செய்தி வந்தது. கோகிலவாணி அழுதாள். யாருக்காக என்று கேட்டால் சொல்ல அவளிடம் ஒரு உறவுமுறை கூட இல்லை.

பத்தாம் நாள் மகள் யாழினி வந்து நின்றாள். "நாலு வருஷமா அப்பாவை வந்து பாக்கலைங்க்கா. அவரு துணியெல்லாம் வயலுக்குப் போயிருச்சு, இது ஒண்ணுதான் மிச்சம். போட்டோகிட்ட வெச்சுக்கறேன், குடுத்துருங்க."

அன்றைக்கே பதினான்காம் வயல்காரர் பொங்கியண்ணனும் வந்து யாழினியைப் பிடித்துக்கொண்டார். "ஏனம்மிணி, வாக்குன்னு ஒண்ணு இருக்குதுல்ல? இந்தத் துணியெல்லாம் திரும்பி வருமுன்னுதான் பதினஞ்சு வருசமா மருந்தடிக்காம அந்த மண்ணக் காப்பாத்தி வெச்சிருக்கறேன். ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

மேற்பார்வையாளர் கோகிலவாணியைப் பார்த்தார். "தெச்சது நீங்கதானுங்க்கா. இது மண்ணுக்குப் போலாமுங்களா?"

கோகிலவாணி சட்டையின் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டால் சட்டை வயலுக்குப் போகும், அவள் போட்ட பாலியஸ்டர் காலத்துக்கும் அந்த மண்ணில் கிடக்கும். உண்மையைச் சொன்னால் வேலைக்கு ஆபத்து. ஆனால் கம்பெனி விதிப்படி சட்டை அவளுக்கே வந்துவிடும். அவளுக்கு அது வேண்டும். உலகத்தில் அவளுக்கு எழுதிய ஒரே மனிதரின் சட்டை.

இப்போது சொல்லுங்கள். வாக்கை நம்பி மண்ணைக் காத்த பொங்கியண்ணனுக்கா, பெற்ற மகளுக்கா, பதினோரு வருஷம் தைத்தவளுக்கா, அந்தச் சட்டை யாருக்குச் சேர வேண்டும்?

விடை: வயலுக்குத்தான். மகள் கேட்டது உடுத்த அல்ல, போட்டோ பக்கத்தில் வைக்க, அதுவும் பூட்டி வைப்பது மாதிரிதான்; அப்பா கொடுத்த வாக்கை மகள் முறிப்பது முறையல்ல. கோகிலவாணிக்கும் இல்லை, தான் செய்த தப்பையே சாக்காக வைத்துப் பொருளை எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்? ஆனால் சட்டை அப்படியே மண்ணுக்குள் போகக் கூடாது. ஒட்டுப் போட்டவளே உண்மையைச் சொல்லி ஒட்டைப் பிரித்துத் தர வேண்டும். பிரித்த துண்டுகள் அவள் புடவை, அவை அவளுக்கு. கோகிலவாணி அப்படியே செய்தாள். தையல் தெரியக் கூடாதென்று அத்தனை நுணுக்கமாகத் தைத்திருந்ததால் பிரிக்க இரண்டு நாள் பிடித்தது. இரண்டு நாளும் யாழினி பக்கத்தில் உட்கார்ந்து சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். அவற்றைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை, கோகிலவாணியாகத்தான் டப்பாவோடு கொடுத்தனுப்பினாள். மூன்றாம் நாள் மகளும் போய்விட்டாள். செய்தது சரிதானா என்றால், சரிதான். அதற்கப்புறம் அவளிடம் பேச ஆள் கிடைத்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.