இருபத்தேழு குறியீடுகளும் ஒரு தம்ளர் டீயும்

"முட்டாளுக்குப் படம் பார்க்கக் கத்துக்கொடுக்க முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லும்மா," என்றார் அறவாழி.

உட்காருவதற்கு முன்பே கேட்டார்.

செல்லக்கனி நாற்காலியைக் காட்டினாள்.

"யாரு சார் முட்டாள்?"

"மீரான்."

அறவாழி கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று. திருநெல்வேலியில் 'உள்ளுறை' என்றொரு திரைப்பட வட்டம் நடத்தி வருகிறார். மாதம் ஒரு படம். அதன் மறைபொருளை ஆராய மூன்று மணி நேரம். பழைய கவிகள் ஒரு செய்யுளுக்கு ஓர் உள்ளுறை என்று அளவாக வைத்தார்கள். அறவாழிக்கு அந்த அளவு காணாது.

செல்லக்கனி அவரிடம் படித்தவள். 'இப்பாடலில் வரும் தென்னங்கீற்று எதைக் குறிக்கிறது?' என்ற வினாவுக்கு 'தென்னங்கீற்றை' என்று விடை எழுதி, முப்பத்தைந்து மார்க்கில் கரையேறியவள். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பார்வையற்றோர் சங்கத்தின் கூடத்தில், படம் ஓடும்போது திரையில் தெரிவதை வாயால் சொல்கிறாள்.

படங்களைப் பற்றி ஊரில் யாருக்கு என்ன வழக்கு வந்தாலும் அவளிடம்தான் வருவார்கள். அவள் தீர்ப்புச் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. ஆனாலும் வருவார்கள்.


"முப்பத்தொரு வருசச் சிநேகிதம்," என்றார் அறவாழி. "போன மாசம் மீரான் ஒரு படத்தைச் சொன்னாரு. 'வே, இதை நீரு மட்டும் பாரும். பார்த்துட்டு வீட்டுக்கு வாரும்'னாரு."

"போனீங்களா?"

"எதுக்குப் போகணும்? நல்ல படத்தைத் தனியாப் பார்க்கிறது, கதவைச் சாத்திட்டுப் பலாப்பழம் தின்கிற மாதிரி. வட்டத்துல வச்சு எல்லாருக்கும் போட்டேன்."

"ம்."

"சும்மா போடல. காட்சி காட்சியா நிறுத்திப் பார்த்து ஆராய்ஞ்சேன். இருபத்தேழு குறியீடு! முப்பத்தாறு பக்கம்!"

அந்தப் படத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்களும் பார்த்துவிட்டு இருபத்தெட்டாவதோடு வருவீர்கள். ஒரு தபால்காரரைப் பற்றிய படம். பேச்சு குறைவு. ஓடுவது ஒரு மணி இருபது நிமிடம். அறவாழி பார்த்து முடிக்க நான்கு நாள் ஆனது.

"கூட்டத்துல கட்டுரையை வாசிக்கேன். ஒன்பதாம் பக்கம். சனம் அப்படியே கட்டுண்டு கிடக்கு. அப்ப மீரான் என்ன செஞ்சாரு தெரியுமா?"

"தூங்கிட்டாரா?"

"தூங்கியிருந்தா மன்னிச்சிருப்பேன்! பிளாஸ்க்கைச் சாய்ச்சு டீயை என் கட்டுரை மேல ஊத்தினாரு."

"கை தவறி இருக்கும் சார்."

"தவறியாம்! தம்ளர் இங்க இருக்கு. கட்டுரை அங்க இருக்கு. நடுவுல ஒரு சாண். நிதானமா, நேரா, கட்டுரை மேல. 'கண்ணு எங்கவே இருக்கு உமக்கு?'ன்னு சத்தம் போட்டேன். ஒரு வார்த்தை பேசல. எழுந்து போயிட்டாரு. அதுவும் எப்படி? என் செருப்பை மாட்டிக்கிட்டு!"

"உங்க செருப்பையா?"

"புதுச் செருப்பு! மறுநாள் மார்க்கெட்டுல எதிர்ல வாராரு. கையைத் தூக்கிக் காட்டினேன். நாலடி தூரம். ஒரு மரத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துட்டுப் போறாரு. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துட்டு."

அறவாழியின் மீசை நடுங்கியது.

"நான் படிக்காதவன் இல்ல. டீ ஒரு குறியீடு. செருப்பு ஒரு குறியீடு."

"செருப்பு எதைக் குறிக்கு சார்?"

"அவமதிப்பை! ஒருத்தன் செருப்பை இன்னொருத்தன் மாட்டிக்கிட்டுப் போறதுக்கு வேற என்ன பொருள் இருக்க முடியும்?"

இந்த மாதிரி வினாவில்தான் முன்பும் செல்லக்கனிக்கு மார்க் போனது.

அறவாழி சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். மீரானை வட்டத்திலிருந்து நீக்கும் தீர்மானம். தட்டச்சு செய்து, ஒற்றுப்பிழை திருத்தி, முத்திரையும் குத்தியிருந்தது.

"ஞாயிறு சாயங்காலம் கூட்டம். இதை வாசிச்சுட்டா அதோட முடிஞ்சுது. அதுக்கப்புறம் அவர் வீட்டு நல்லது கெட்டதுக்குக்கூட நான் போகமாட்டேன். நீயும் வட்டத்துல உறுப்பினர். கையெழுத்துப் போடு."

செல்லக்கனி தாளைப் படித்தாள். மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"எனக்குத் தொண்டை கட்டியிருக்கு சார். ஞாயித்துக்கிழமை காலைல எனக்குப் பதிலா நீங்க வந்து படம் சொல்லுங்க. முடிஞ்சதும் கையெழுத்துப் போடுதேன்."

அவள் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை.

"என்ன படம்?"

"மீரான் சார் சொன்ன அதே படம்தான். அங்க வாரவங்க கேட்டிருக்காங்க."

அறவாழியின் முகம் மலர்ந்தது.

"அதை என்னைவிட யாரு சொல்ல முடியும்! முப்பத்தாறு பக்கத்தையும் கொண்டு வாரேன்."

"அது வேண்டாம் சார். கண்ணை மட்டும் கொண்டு வாங்க."


கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒவ்வொருவருடைய முழங்கால்களுக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோல் நின்றது.

செல்லக்கனி மைக்கை அறவாழியிடம் கொடுத்தாள்.

"இங்க ஒரே ஒரு சட்டம்தான் சார். திரையில தெரியிறதை மட்டும் சொல்லணும். தெரியாததைச் சொன்னா கோலால தரையைத் தட்டுவாங்க."

"ஏன்?"

"தெரியாததை அவங்களே பார்த்துக்கிடுவாங்க."

படம் தொடங்கியது.

"மனித ஆன்மாவின் அழுக்கை," என்று கணீரென்று ஆரம்பித்தார் அறவாழி, "ஒருபோதும் கழுவித் தீர்க்க முடியாது என்ற..."

டக். டக். டக்.

"சார்," என்று முன்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. அது பேச்சியம்மாள், ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். "தண்ணிச் சத்தம் கேட்டுச்சு. ஆளு என்ன செய்யுதான்?"

"முகம் கழுவுகிறான்."

"அதைச் சொல்லுங்க முதல்ல."

கூடம் சிரித்தது. அறவாழியின் காது சிவந்தது. முப்பது வருடம் வகுப்பெடுத்தவர். வகுப்பில் இப்படி யாராவது தட்டியிருந்தால் வெளியே நிறுத்தியிருப்பார்.

"மஞ்சள் நிறச் சுவர். மஞ்சள் என்பது இங்கே மங்கலத்தின் சிதைவை..."

டக். டக்.

"எத்தனை வயசு சார் அவனுக்கு?"

"ஐம்பது இருக்கும். காக்கிச் சட்டை. தோளில் பை. தபால்காரர்."

"ஆங். இப்ப ஆளு வந்துட்டான். இனிமே அவரு இவருன்னே சொல்லுங்க. வயசானவரு."

அறவாழி செல்லக்கனியைத் திரும்பிப் பார்த்தார். "இது என்னம்மா அநியாயம்? ஒரு படிப்பு, ஒரு பயிற்சி இதுக்கெல்லாம் மதிப்பே கிடையாதா?"

"மைக் போட்டிருக்கு சார்," என்றாள் அவள்.

மறுபடி சிரிப்பு.

அறவாழி பல்லைக் கடித்துக்கொண்டார். சரி, தெரிவதை மட்டும் சொல்வோம், எவ்வளவு வறட்சியாக இருக்கும் என்று இவர்களே பார்க்கட்டும் என்று முடிவு செய்தார். கோபத்தில் வாக்கியங்கள் குட்டையாயின.

"தெருவில் நடக்கிறார். இடது கை சுவரைத் தொட்டுக்கொண்டே போகிறது."

கட்டுரையில் இது ஐந்தாவது குறியீடு. தலைமுறை தலைமுறையாய் நிற்கும் சாதிச் சுவர். அவர் அதைச் சொல்லவில்லை. கூடத்தில் யாரோ 'ம்' கொட்டினார்கள்.

"வாசற்படி. காலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு ஏறுகிறார்."

'ம்' என்று இப்போது நாலைந்து பேர்.

"ஒரு வீட்டில் கடிதம் போடுகிறார். கடிதத்தில் கதவு எண் பதினொன்று. கதவில் பதினேழு."

கட்டுரையில் பதினொன்றாவது குறியீடு. நவீன உலகில் மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே அறுந்துபோன தகவல் தொடர்பு. ஐந்து பக்கம்.

"ஐயோ பாவம்," என்றாள் பேச்சியம்மாள்.

"யாரு பாவம்?" மைக்கில் கேட்டுவிட்டார் அறவாழி.

"நீங்க மேல சொல்லுங்க சார்."

"தபால்காரரின் வீடு. தம்பி வந்திருக்கிறான். நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறான். இவர் டீ போடுகிறார். தம்ளரை எடுத்து வைக்கிறார். ஆள்காட்டி விரலைத் தம்ளருக்குள் விடுகிறார். விரலை எடுக்காமலே டீயை ஊற்றுகிறார்."

கூடம் இவ்வளவு அமைதியாகக் கிடந்ததை அவர் சபை தன் வசமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். பத்தொன்பதாவது குறியீடு வாய்வரை வந்து நின்றது. அவருக்கு மிகவும் பிடித்த குறியீடு. அடக்க முடியவில்லை.

"கொதிக்கும் டீயில் விரல். குற்றவுணர்வால் தன்னைத்தானே தண்டித்துக்கொள்ளும் ஒரு மனிதன்..."

நாற்பது கோல்களும் ஒன்றாகத் தரையில் இறங்கின.

"தண்டனையாவது ஒண்ணாவது!" பேச்சியம்மாள் எழுந்தே விட்டாள். "தம்ளர் நிறைஞ்சுட்டான்னு வேற எப்படி சார் தெரியும்? இங்க இருக்கிற அத்தனை பேரும் அப்படித்தான் டீ ஊத்துதோம். அந்த மனுசனுக்குக் கண்ணு போய்க்கிட்டு இருக்கு. தம்பிகிட்டச் சொல்ல வாய் வரல."

"படத்தில் அப்படி யாருமே சொல்லவில்லையே!" அறவாழியும் குரலை உயர்த்தினார். "நான் நான்கு நாள் பார்த்தேன்! ஒரு இடத்திலும் இல்லை!"

"யாரு சொல்லணும்? நீங்கதான சார் சொன்னீங்க! சுவரைத் தொட்டுக்கிட்டுப் போறாருன்னு சொன்னீங்க. படியைக் காலால தடவுதாருன்னு சொன்னீங்க. ஏழு அவருக்கு ஒண்ணாத் தெரியுதுன்னு சொன்னீங்க. எல்லாம் நீங்க சொன்னதுதான்."

அறவாழி பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

அன்றைக்கு வட்டத்தில் தம்ளர் இங்கே இருந்தது. கட்டுரை அங்கே இருந்தது. நடுவில் ஒரு சாண்.

செல்லக்கனி படத்தை நிறுத்தினாள். திரையில் தம்ளருக்குள் விரல் அப்படியே நின்றது.

"சார்," என்றாள் மெதுவாக. "கையெழுத்துப் போடணும்னு ஒரு தாள் வச்சிருந்தீங்களே. தாங்க, போடுதேன்."

அறவாழியின் கை சட்டைப் பைக்குப் போனது. பையைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றது.

"அவரு... எப்பம்மா..." என்று ஆரம்பித்தார்.

அதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏன் வே நிறுத்திட்டீரு? கரண்டு போயிட்டா?"

முப்பத்தொரு வருடம் கேட்ட குரல்.

அறவாழி பார்த்தார். கடைசி வரிசையில், கதவோரத்து நாற்காலியில் மீரான் உட்கார்ந்திருந்தார். கையில் வெள்ளைக் கோல். அதன் பிடியில் சுற்றிவந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. காலில் அறவாழியின் செருப்பு.

முகம் திரைப் பக்கம் இருந்தது. கொஞ்சம் தள்ளி, திரைக்கும் சுவருக்கும் நடுவில்.

செல்லக்கனி பொத்தானை அழுத்தினாள்.

அறவாழி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தம்ளர் நிறைஞ்சுட்டு," என்றார். "விரலை எடுக்காரு."

"சுட்டுட்டா வே?" என்று கேட்டார் மீரான்.

அறவாழி திரையைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"தெரியல வே," என்றார். "முகத்தைக் காட்டல."