மூன்று பிஸ்டல்களும் கீழே சுட்ட காலை

"டீச்சரம்மா, எதை வாங்கட்டுமுங்க?"

கேட்டவர் செங்கோடன். வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். துப்பாக்கி உரிமம் கைக்கு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

துப்பாக்கி சுடும் கிளப்பின் மேஜைமேல் மூன்று பிஸ்டல்கள். மூன்றும் பாயிண்ட் டூ டூ. சின்னத் தோட்டா போடுகிறவை. குறி அட்டையைச் சுட்டுப் பழக அதுதான் தோது. ஒன்று கனமானது, வெளிநாட்டுச் சரக்கு. ஒன்று லேசானது. இரண்டும் கடையிலிருந்து பார்க்க வந்தவை. ஒன்று கிளப்பின் பழசு, பிடி தேய்ந்தது.

பயிற்சியாளர் பூங்கோதைக்கு வயது முப்பத்துமூன்று. பேச்சு குறைவு.

"மூணுலயும் அஞ்சஞ்சு சுடுங்கண்ணா."

சுட்டார்.

பின்னால் நாற்காலி போட்டுக் கிளப் செயலாளர் உட்கார்ந்திருந்தார். அவர் பெயரை நான் எழுத மாட்டேன். போன வருஷம் பத்துப் பேர் முன்னால், "ஸ்டீயரிங் பிடிச்ச கைக்குக் குறி எங்கே வரும்?" என்று கேட்ட வாய் அது.

அன்று சிரித்த பத்து முகங்களும் செங்கோடனுக்கு மனப்பாடம். வருகிற ஞாயிறு கிளப் போட்டி. அதே பத்துப் பேர் வருவார்கள். அவர்கள் முன்னால் சுட்டுக் காட்டத்தான் இந்தத் துப்பாக்கி.

மூன்று அட்டைகளும் வந்தன. மூன்றிலும் எல்லாத் துளைகளும் கருவட்டத்துக்குக் கீழே, இடது பக்கமாக.

"மூணுமே கோளாறுங்க. வேற கடையில பாக்கலாங்களா?"

"மூணும் பேசி வச்சுக்கிட்டு ஒரே பக்கமா சுடுதா, டிரைவரே?" என்றார் செயலாளர்.

பூங்கோதை முதுகைத் திருப்பிக்கொண்டு, தோட்டா அடைக்கிற மேகசின் ஒன்றை நிரப்பினார். கனமான பிஸ்டலில் போட்டுக் கொடுத்தார்.

"சுடுங்க."

முதல் தோட்டா வெடித்தது.

இரண்டாவது 'டிக்' என்றது. வெடிக்கவில்லை. ஆனால் பிஸ்டலின் மூக்கு, மஞ்சத்தண்ணி தெளித்த கிடாய் போலச் சிலிர்த்து, கீழே இடது பக்கம் போய் வந்தது.

அது பூங்கோதை நடுவே கலந்து வைத்த போலித் தோட்டா. அதில் மருந்தே கிடையாது.

செயலாளர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

செங்கோடன் தன் கையைப் பார்த்தார். கொல்லிமலை இறக்கத்தில் பிரேக் போன வண்டியை நிறுத்திய கை. வராத வெடிக்குப் பயந்திருந்தது.

அவர் தலை குனியவில்லை.

"இன்னொரு வாட்டி நிரப்புங்க டீச்சரம்மா. எதுல மருந்து இருக்குதுன்னு சொல்லாதீங்க."

"தோள் வலிக்கும்ண்ணா."

"வலிக்கட்டுமுங்க."

நிரப்பினார். சுட்டார். மூக்கு குனிந்தது.

மறுபடியும். மறுபடியும் குனிந்தது.

ஒவ்வொரு தடவையும் பூங்கோதை பிஸ்டலை வாங்கிக்கொண்டு போய், நிரப்பிக் கொண்டுவந்து கையில் வைத்தார். செங்கோடன் எதிரே இருந்த அட்டையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. வெயில் தகரக் கூரைமேல் ஏறியது. தோள் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. பக்கத்தில் ஸ்டூல் இருந்தது. அந்த ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது உட்காருவதா? நின்றார்.

பதினோராவது தடவை 'டிக்' என்றது.

மூக்கு அசையவில்லை.

போலியை வெளியே தள்ளிவிட்டு அடுத்ததைச் சுட்டார். வெடித்தது. கருவட்டத்தின் நடுவில் ஒரு துளை.

"ஃபாரின் சரக்குன்னா சும்மாவா?" என்றார் செயலாளர்.

செங்கோடன் அப்போதுதான் குனிந்து பார்த்தார். கையில் இருந்தது கிளப்பின் பழசு. எத்தனையாவது தடவையில் அது மாறியது என்று அவருக்குத் தெரியவில்லை.

"எதை வாங்கப் போறீங்கண்ணா?" என்று பூங்கோதை கேட்டார்.

"அதுக்கு இப்ப அவசரமில்லீங்க" என்றார் செங்கோடன். பிஸ்டலைக் காலி செய்து மேஜைமேல் வைத்தார். "செயலாளரய்யாவுக்கு ஒரு மேகசின் நிரப்புங்க. எதுல மருந்து இருக்குதுன்னு சொல்லிடாதீங்க."

செயலாளர் எழுந்தார். "நான் ஒரு கல்யாணத்துக்குப் போகணும்."

பூங்கோதை ஏற்கெனவே முதுகைத் திருப்பிக்கொண்டு நிரப்பத் தொடங்கியிருந்தார்.