இரவல் போகாத கத்தி

குகையடி மடத்துக்குக் கோமதிநாயகம் வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு. மடத்துச் சாமிக்கு அறுபதுதான். அதனால் சாமி தன் சீடரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவார்.

வருகிற வெள்ளிக்கிழமை காவி கொடுப்பதாகச் சாமி சொல்லியிருந்தார். கோமதிநாயகம் மூன்று வருஷமும் காத்திருந்தது இதற்காகத்தான். ஆனாலும் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கேட்டுவிட்டார்.

"சாமி, காவி கட்டினவன் மடியில கத்தி வச்சிக்கிடலாமா?"

"எத்தனை?"

"அஞ்சு."

சாமி அவருடைய இடுப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எடுங்க, பார்ப்போம்."

கோமதிநாயகம் துண்டை விரித்து மடக்குக் கத்திகளை ஒவ்வொன்றாக வைத்தார். எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்தவை.

"இது பித்தளைப் பிடி. நல்ல கனம். மடியில கிடந்தா கூட ஒரு ஆள் வர்ற மாதிரி இருக்கும். ஆணி பிடுங்கணும்னு மச்சினன் கேட்டான். நுனிய வளைச்சிட்டான். பதினோரு வருஷமா அவன்கூடப் பேச்சு இல்ல."

"அடுத்தது?"

"ரெட்டை அலகு. ஒண்ணு பழத்துக்கு, ஒண்ணு நகத்துக்கு. எதிர்வீட்டு வாத்தியார் நகம் வெட்டுற அலகுல மாங்கா வெட்டினாரு. ஆறு வருஷம்."

"இது?"

"தேக்குப் பிடி. மழை நாள்ல மட்டும் எடுப்பேன், வழுக்காது. தம்பி வாங்கிட்டுப் போயி பெயிண்ட் டப்பாவத் திறந்தான். அவன் மக கல்யாணத்துக்கு நான் போகல."

"இந்தச் சின்னது?"

"சிப்பி பதிச்சது. விசேஷ வீட்டுக்குச் சட்டைப் பையில வச்சிட்டுப் போவேன். டெப்போ கிளார்க் ஒருத்தர் இரவல் கேட்டாரு. பத்திரமாத் திருப்பிக் கொடுத்தாரு."

"பிறகு என்ன?"

"கொடுக்கும்போது, இந்தாங்க உங்க பிளேடுன்னாரு."

சாமி தலையை ஆட்டினார். ஐந்தாவது கத்தி துண்டின் ஓரத்தில் தனியாக இருந்தது.

"எருமைக்கொம்புப் பிடி சாமி. திறக்கும்போது சத்தத்தக் கேளுங்க." கோமதிநாயகம் திறந்தார். டக் என்றது. மடக்கி, இன்னொரு தடவை திறந்தார். "இதை மட்டும் யாருக்கும் கொடுத்ததில்ல. அதனால இதுல பகையே கிடையாது."

"நல்ல கத்தி. கொடுங்க."

கோமதிநாயகம் அதை மடக்கி, வேட்டி நுனியால் இன்னொரு தடவை துடைத்தார். கத்தியைச் சாமிக்கு முன்னால் தரையில் வைத்தார்.

"கையில கொடுங்க அண்ணாச்சி."

"கத்தியக் கையில கொடுத்தா சண்டை வரும் சாமி. கீழ வச்சுத்தான் எடுத்துக்கிடணும்."

"அந்த நாலையும் எப்படிக் கொடுத்தீங்க?"

கோமதிநாயகம் யோசித்தார். "கீழ வச்சுத்தான்."

சாமி கையை நீட்டியபடி இருந்தார். கோமதிநாயகம் கத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

சாமி அதைக் கொண்டு நேராக அடுப்படிக்குப் போனார். அங்கே யாரோ கொண்டுவந்து போட்ட பலாப்பழம் ஒன்று கிடந்தது.

"பலாவுக்கு அரிவாள் இருக்கே சாமி" என்று கோமதிநாயகம் பின்னாலேயே ஓடினார்.

"அரிவாளு இரவல் போயிருக்கு" என்றாள் சமையல் செய்யும் மாடத்தி. "யாரு வாங்கிட்டுப் போனான்னு மறந்துட்டேன்."

மூன்று விரல் நீளக் கத்தியால் சாமி அரை மணி நேரம் அறுத்தார். மூட்டுக்குள் பிசின் இறங்கியது. நடுத்தண்டில் வைத்து நெம்பியபோது நுனி ஒடிந்தது. கத்தி மடங்கவும் இல்லை. "மடங்க மாட்டேங்குதே" என்று சொல்லி அதை உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சாமி சுளை தின்னப் போனார்.

அப்போது வாயை மூடிய கோமதிநாயகம் பிறகு திறக்கவில்லை.

புதன்கிழமை காலையில் மாடத்தி அவரிடம் மூன்று தடவை காப்பி வேண்டுமா என்று கேட்டாள். பதில் இல்லை. "காவி வாங்கப்போறாருல்லா, மௌனம் எடுத்துட்டாரு" என்று தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள். மத்தியானத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஒருத்தி மகளின் பரீட்சை ஹால் டிக்கெட்டை அவர் காலடியில் வைத்து எடுத்துப் போனாள். வியாழக்கிழமை ஒருவர் வந்து, மாட்டை விற்கலாமா என்று கேட்டார். கோமதிநாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "விக்க வேண்டாம்னுட்டாரு" என்று கும்பிட்டுவிட்டு அவர் போனார்.

வெள்ளிக்கிழமை ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. மடிப்புக் கலையாத காவி வேட்டி தாம்பாளத்தில் இருந்தது. சாமி காதில் சொல்லும் மந்திரத்தைச் சீடர் மூன்று தடவை சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் காவி.

சாமி சொன்னார். கோமதிநாயகம் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"தொண்டை கட்டியிருக்கா அண்ணாச்சி?"

கோமதிநாயகம் தாம்பாளத்தைப் பார்த்தார். பிறகு தூணைப் பார்த்துச் சொன்னார்.

"நான் உங்ககிட்ட பேசுறதில்ல சாமி."

"மௌனம்தானே?"

"மௌனம் இல்ல. கோவம். செவ்வாக்கிழமையிலேருந்து."

"யார் மேல?"

"உங்க மேலதான்."

சாமிக்கு உண்மையாகவே ஆச்சரியமாக இருந்தது. "எம்மேலயா? எனக்குத் தெரியாதே. நம்ம அண்ணாச்சி மௌனத்துல இருக்காருன்னு வர்றவங்ககிட்டல்லாம் பெருமையாச் சொல்லிட்டு இருந்தேன்."

"மூணு நாளா பல்லக் கடிச்சிட்டு இருக்கேன். ஒரு வாய் சோறு இறங்கல."

"எனக்கு நல்லா இறங்குச்சு."

கூட்டத்தில் மாட்டுக்காரர் பக்கத்து ஆளிடம், "அப்ப மாட்ட விக்கலாமா?" என்று கேட்டார்.

கோமதிநாயகத்தின் குரல் இறங்கிவிட்டது. "அப்ப காவி கிடையாதா சாமி?"

"காவி எங்க போயிரும்? முதல்ல உங்க ஊருக்குப் போயி, அந்த நாலு பேரையும் பார்த்துட்டு வாங்க."

"மன்னிச்சிட்டேன்னு சொல்லணுமா?"

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்" என்றார் சாமி. "இத்தனை வருஷமா கோவமா இருக்கேன்னு சொல்லிட்டு வாங்க. என்னை மாதிரி அவங்களுக்கும் தெரியாமலே போயிடப் போகுது."