தினை ஏன் பறக்கவில்லை?

ஒரு காட்டில், ஒரு நிமிஷம் வாயை மூடினாலும் மூச்சு முட்டிவிடும் என்று நினைக்கிற தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று இருந்தது.

மொத்தம் ஒன்பது குருவிகள். புழுவுக்குச் சண்டை. புழு கிடைத்த பிறகு, அதை முதலில் பார்த்தது யார் என்று சண்டை. சண்டை ஓய்ந்ததும் ஒரே கிளையில் ஒட்டி உட்கார்ந்து ஒருவர் கழுத்தை ஒருவர் கோதிவிடுவார்கள். பிறகு மறுபடியும் சண்டை. மற்றபடி நல்ல குடும்பம்தான்.

அந்தக் கூட்டத்தில் தினை என்று ஒரு பெண் இருந்தாள். குஞ்சும் இல்லை, பெரிய குருவியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வயது. ஒன்பது பேரில் பெரிய வாய் அவளுக்குத்தான்.

அந்த வாய் மூன்று வாரமாக மூடிக் கிடந்தது.

சண்டைக்கு வருவதில்லை. புழுதியில் புரண்டு குளிக்க வருவதில்லை. கழுத்தைக் கோதப் போனால் நகர்ந்துகொள்வாள். தனக்குக் கிடைத்த வண்டைக்கூடப் பக்கத்தில் இருக்கும் குஞ்சுக்குக் கொடுத்துவிடுவாள்.

இன்னொன்றும் நடந்தது. எல்லோரும் கீழே சருகைக் கிளறி இரை தேடும்போது, ஒருவர் மட்டும் உச்சிக் கிளையில் உட்கார்ந்து காவல் பார்க்க வேண்டும். வல்லூறு வந்தால் கத்த வேண்டும். இதுதான் கூட்டத்தின் வழக்கம். யாருக்கும் பிடிக்காத வேலை இது. வெறும் வயிற்றோடு அடுத்தவர் தின்பதை வேடிக்கை பார்க்க யாருக்குப் பிடிக்கும்? ஆனால் தினை அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தன் முறை, அண்ணன் முறை, சித்தி முறை, எல்லா முறையும் அவளே.

"என்ன பொறுப்பு, என்ன பொறுப்பு!" என்று பூரித்தார் தலைவர் சோளன் பெரியப்பா. ஒழுங்கு என்றால் அவருக்கு அப்படி ஒரு ஆசை.

"எல்லாம் வயசு வந்தா தானா அடங்கிடும்னு நான்தான் அப்பவே சொன்னேனே," என்றாள் சாமை சித்தி. அவள் எப்போதும், எல்லாவற்றையும், அப்பவே சொன்னவள்.

தினையின் அம்மா வரகிக்கும் பெருமைதான். வரகி அவசரக்காரி. அடங்கின பிள்ளையை எதற்கு நின்று பார்ப்பது என்று அடுத்த வேலைக்கு ஓடிவிடுவாள்.

அப்போதுதான் முதல் மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் வெயில் வந்ததும் புற்றிலிருந்து ஒன்று கிளம்பியது. பத்து கிளம்பியது. பிறகு புகை மாதிரி, கூட்டம் கூட்டமாக...

"ஈசல்! ஈசல்! ஈசல்!"

தவிட்டுக்குருவிக்கு ஈசல் என்றால் கல்யாணம், திருவிழா, லாட்டரி எல்லாம் ஒரே நாளில் வந்த மாதிரி. ஒன்று பறந்து பிடித்தது. ஒன்று படுத்துக்கொண்டே பிடித்தது. சோளன் பெரியப்பா ஒழுங்கையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு ஒரே வாயில் ஐந்தைத் திணித்துக்கொண்டார்.

"தினை! கீழே வாடி! வெண்ணெய் மாதிரி இருக்கு!" என்று கத்தினாள் வரகி.

"நீங்க சாப்பிடுங்கம்மா. நான் பார்த்துக்கறேன்," என்றாள் தினை, உச்சிக் கிளையிலிருந்து.

"தங்கமான பொண்ணு!" என்றார் பெரியப்பா, வாய் நிறைய ஈசலோடு.

அடுத்த நிமிஷம் தினை கத்தினாள். "வல்லூறு! புதருக்குள்ள போங்க! எல்லாரும் போங்க!"

அப்பப்பா, என்ன வேகம்! எட்டுக் குருவிகளும் முள்புதருக்குள் பாய்ந்தன. மேலிருந்து வல்லூறு கல் விழுகிற மாதிரி இறங்கியது. கீழே ஒன்றும் அகப்படவில்லை. திரும்பி மேலே பார்த்தது. தினை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பாய்ந்தது. நல்ல வேளை, மழையில் ஊறின மெல்லிய கிளை அது. வல்லூற்றின் இறக்கை பட்டதும் சடாரென்று தாழ்ந்தது. நகத்தில் தினையின் மூன்று வால் இறகுகள் மட்டும் சிக்கின. வல்லூறு அவற்றை உதறிவிட்டுப் போய்விட்டது.

புதர் வெடித்தது போல எல்லோரும் வெளியே வந்தார்கள்.

"வீராங்கனை!"

"நம்மையெல்லாம் காப்பாத்திட்டு, தான் அசையாம உட்கார்ந்திருந்தாளே!"

"என்ன தைரியம்! இனிமே காவல் முழுக்க அவளுக்குத்தான்!" என்று சிறகை விரித்து அறிவித்தார் பெரியப்பா. ஒரே கூச்சல், ஒரே கொண்டாட்டம்.

வரகி மட்டும் கொண்டாடவில்லை. புதரின் இடுக்கு வழியாக அவள் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். வல்லூறு பாயும்போது தினை நடுங்கவும் இல்லை, சிறகைத் தூக்கவும் இல்லை. அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள். தைரியசாலிகூட அப்படி உட்கார மாட்டாளே!

விர்ரென்று உச்சிக் கிளைக்குப் போனாள் வரகி.

"ஏன்டி பறக்கலை?"

"தோணலைம்மா."

"தோணலையா? அது உன்னைக் கொன்னுருக்கும்டி!"

தினை வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று வாரமும் அந்த ஒரு நொடியில் வரகியின் கண்முன் வந்து நின்றன. இப்போதாவது அவள் நேராகக் கேட்டாள். "தினை, உனக்கு உயிரோட இருக்கவே பிடிக்கலையா?"

"ஐயோ, அதை ஏன் கேட்கறே!" என்று கீழிருந்து அலறினாள் சாமை சித்தி. "நீயே அவ மனசுல போட்டுடுவே போலிருக்கே!"

"கேட்காம இருந்த மூணு வாரத்துல என்னத்தைக் கிழிச்சோம்? நீ சும்மா இரு."

தினை மெல்லத் தலையைத் திருப்பினாள். "ஆமாம்மா. எதுவுமே வேண்டாம்னு இருக்கு. இங்கே உட்கார்ந்தா யாரும் பேச மாட்டாங்க. அதான் வந்தேன்."

கூட்டம் வாயடைத்துப் போயிற்று. எவ்வளவு நேரம்? இரண்டு நொடி. பிறகு ஆரம்பித்தார்கள்.

"நல்லா சாப்பிட்டா சரியாயிடும்."

"நாலு இடம் சுத்திட்டு வரச் சொல்லு."

"என் காலத்துல இதுக்கெல்லாம் நேரமே இருந்ததில்லை!"

"வாயை மூடுங்க எல்லாரும்!" வரகி போட்ட சத்தத்தில் மிச்சம் இருந்த ஈசல் கலைந்து ஓடிற்று. "நான் இப்பவே இவளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போறேன். மரங்கொத்தி வைத்தியரம்மாகிட்ட."

"இன்னிக்கேவா? ஈசல் காலம் முடியட்டுமே," என்றார் பெரியப்பா. "பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"போன மாசம் உங்க கால்ல முள்ளு குத்தினப்போ, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்கன்னு உட்கார்ந்திருந்தீங்களா? அவங்க வீட்டு வாசல்ல கத்தின கத்துல காடே கூடிச்சே!"

பெரியப்பா காலை மடக்கிக்கொண்டார்.

வரகி மகளை ஒட்டியே பறந்தாள். தினை நின்ற இடத்தில் அவளும் நின்றாள், தினை உட்கார்ந்த இடத்தில் அவளும் உட்கார்ந்தாள். அவசரக்காரி வரகி அன்று ஒரு தடவைகூட "சீக்கிரம் வா" என்று சொல்லவில்லை.

மரங்கொத்தி வைத்தியரம்மா வரகியைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுத் தினையோடு நெடுநேரம் பேசினார். அதிகம் பேசியது தினைதான்.

பிறகு வரகியைக் கூப்பிட்டார். "இது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. மனசுக்கு வந்த நோய். குணமாகும், ஆனா நாளாகும். வாரம் ரெண்டு தடவை கூட்டிட்டு வாங்க. தனியா விடாதீங்க. காவல் வேலை கூடவே கூடாது."

"எல்லாம் என் தப்பா, வைத்தியரம்மா?"

"தப்பு யாரோடதுன்னு தேடற நேரத்துல நான் இன்னும் நாலு பேரைப் பார்த்துடுவேன். வியாழக்கிழமை வாங்க."

வியாழக்கிழமை போனார்கள். அதற்கடுத்த தடவையும் போனார்கள். சில நாள் தினை கொஞ்சம் சாப்பிட்டாள். சில நாள் கூட்டை விட்டே வரவில்லை. வரகி பக்கத்திலேயே இருந்தாள்.

ஒன்பதாவது தடவை போக வேண்டிய காலையில் வரகி ஒரு சருகைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே ஒரு குரல் எரிச்சலோடு கேட்டது.

"அம்மா! இன்னும் எவ்வளவு நேரம் அந்த ஒரு புழுவோட மல்லுக்கட்டுவே? வைத்தியரம்மா காத்துட்டிருப்பாங்க. நான் கிளம்பறேன், நீ பின்னாடி வா!"

வரகி புழுவைப் போட்டுவிட்டுப் பறந்தாள்.

நீதி: துடுக்கான பிள்ளை திடீரென்று அடங்கிப் போனால் மெச்சிக்கொண்டு நிற்காதே, என்னவென்று வாய்விட்டுக் கேள், நாளைக்கு என்று தள்ளாமல் வைத்தியரிடம் அழைத்துப் போ.