ஒண்ணுமில்லையைத் தின்ன பூதம்

ஒரு ஊருன்னா ஒரு ஊரு, ஆத்துக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் இன்னொரு ஊரு. பேரு என்னன்னு கேக்காத, பேரு கேட்டா கதை கோவிச்சுக்கிட்டுப் போயிரும். இந்தப் பக்கத்து ஊருல உலகம்மான்னு ஒரு பொம்பளப் பிள்ளை இருந்தா. உலகு, உலகுன்னு கூப்பிடுவாவ. வயசா? பல்லு விழுந்து பல்லு முளைக்கிற வயசுன்னு வச்சுக்கோ.

அவளுக்கு ஒரு தம்பி பொறந்தான். பொறந்ததுலருந்து அவனுக்கு மேலுக்குச் சொகமில்ல. பால் குடிச்சா கக்குதான், படுக்கப் போட்டா கத்துதான், அம்மைக்காரி அவனத் தோள்ல போட்டுக்கிட்டு ராவும் பகலும் நடக்கா. உலகு போயி, "யம்மா, தலை பின்னி விடு"ன்னு நிக்கா. "செத்த சும்மா இரேன்ட்டி"ன்னு அம்மை வெரட்டுதா. அப்பன் பாத்தான். தங்கச்சி வீட்டுல பிள்ளையக் கொஞ்ச நாளைக்கு விட்டுட்டு வருவோம்னு, கையப் பிடிச்சு படகுல ஏத்தி, ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயி விட்டுட்டு வந்துட்டான். யாரும் கெட்டவுக இல்ல, பாத்துக்கோ. ஆனா பிள்ளைக்கு எப்படி இருக்கும்? தம்பி வந்தான், நம்மள அனுப்பிட்டாவன்னுதான இருக்கும்?

அத்தை பேரு ஆவுடை. நல்லவதான். நேரத்துக்குச் சோறு போடுவா, தலைக்கு எண்ணெய் வைப்பா, ஆனா பேச மாட்டா. மாமா வண்டி ஓட்டிக்கிட்டுச் சந்தை சந்தையாப் போறவரு, வந்தாலும் தூங்குவாரு. அந்த வீட்டுல சத்தம்னா கோழிச் சத்தம்தான். உலகு வைக்கப்படப்புக்குப் பின்னால போயி உக்காந்து அழுதா. அழுதா, அழுதா, இன்னும் அழுதா. யாரும் தேடி வரல. அப்பம் படப்புக்குள்ளருந்து ஒண்ணு வந்துச்சு.

பாம்பு இல்லலே. பூதம்! காலை மடக்காத, எலிக்குஞ்சு தண்டிதான் இருந்துச்சு. கன்னங்கரேல்னு, மெத்து மெத்துன்னு, வந்து அவ மடியில ஏறி உக்காந்துக்கிட்டுச்சு.

"ஏன் அழுத?"ன்னு கேட்டுச்சு.

"எங்க அம்மை நினைப்பா இருக்கு."

"அத யாருகிட்டயும் சொல்லாத. சொன்னா, இவ அழுகைய வேற நாம சுமக்கணுமான்னு எரிச்சல்படுவாவ. யாரு கேட்டாலும் ஒண்ணுமில்லன்னு சொல்லிரு. நான்தான் இருக்கேன்லா உனக்கு?"

பிள்ளை நம்பிட்டா. என்ன செய்வா, வேற யாரு அவகிட்ட வந்து பேசுனா?

அன்னைக்குச் சோறு போடும்போது அத்தை கேட்டா. "ஏட்டி, கண்ணு செவந்திருக்கு. என்னட்டி?"

"ஒண்ணுமில்ல அத்தை."

அம்புட்டுதான்! பூதம் வாயப் பொளந்து அந்த 'ஒண்ணுமில்ல'யை லபக்குன்னு முழுங்கிட்டு. முழுங்கின உடனே பூனை தண்டி ஆயிட்டு. அத்தை, சரி, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாளேன்னு ரசத்த ஊத்துனா.

மறுநா பக்கத்து வீட்டு மாடத்தி வந்தா. அவ பெரிய வாயாடி, கால்ல முள்ளு குத்துனாக்கூட ஊரக் கூட்டிருவா. "வாட்டி உலகு, தட்டாங்கல் ஆடுவோம். ஏன் ஒரு மாதிரி இருக்க? என்ன செய்யுது உனக்கு?"

"சொல்லாத"ன்னுச்சு பூதம்.

"ஒண்ணுமில்ல."

லபக்! பூதம் வெள்ளாடு தண்டி ஆயிட்டு. மாடத்தி கொஞ்ச நேரம் நின்னு பாத்தா, அப்புறம் தனியா உக்காந்து ஆடிட்டுப் போயிட்டா.

பெறவு ஒரு நா அப்பனே வந்தான். "தம்பிக்கு இப்பம் தேவலட்டி. நீ எப்படி இருக்க? இங்கன ஏதும் கொறையா?"

உலகுக்கு யப்பா, என்னையக் கூட்டிட்டுப் போன்னு கத்தணும் போல இருக்கு. பூதம் அவ முதுகுல ஏறி உக்காந்து தலையக் கீழ அமுக்குது. "சொல்லாத. அப்பனே அலுத்துப்போயி வந்திருக்கான், சொல்லாத."

"ஒண்ணுமில்லப்பா. நல்லாத்தான் இருக்கேன்."

லபக்! பூதம் கன்னுக்குட்டி தண்டி ஆயிட்டு. அப்பனுக்குப் பெரிய நிம்மதி. "எம்பிள்ள சமத்து"ன்னு தலையத் தடவிட்டுப் படகப் பிடிக்க ஓடுனான். அவன் முதுகு மறையிற வரைக்கும் நின்னு பாத்தா. நெஞ்சு வலிச்சுது அவளுக்கு, நெசமாவே வலிச்சுது.

அதுக்கப்புறம் சோறு மண்ணு மாதிரி இருந்துச்சு. வெளையாடப் போகல. கூப்பிட்டா எந்திரிக்கல. வீட்டுக்கு வந்தவுக யாரு கேட்டாலும் 'ஒண்ணுமில்ல'தான், அதத் தின்னு தின்னு பூதம் வண்டிமாட்டையும் தாண்டி வளந்துட்டு. ஊருல என்ன சொன்னாவ தெரியுமா? "ஆவுடை அண்ணன் மவ எம்புட்டு அடக்கம், சத்தமே கேக்கல"ன்னாவ. அடக்கமாம் அடக்கம், மூதிய! பிள்ளை செத்துக்கிட்டு இருக்கு, அடக்கம்ங்காவ.

பூதம் அவ தலை மேலயே உக்காந்துக்கிட்டு, "ஒண்ணு தெரிஞ்சுக்கோ. எந்தல இந்த வீட்டு உத்திரத்தத் தொட்டுட்டா, உன்னையப் பனங்காட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். உன் ஒடம்பு இங்கனயே திங்கும், தூங்கும். உள்ள நீ இருக்க மாட்ட. ஒருத்தருக்கும் தெரியாது"ன்னுச்சு.

பிள்ளைக்கு ஒரே பயம். ஆனா யாருகிட்ட சொல்ல?

ஒரு மத்தியான நேரம். பூதத்துக்கு ஒரு ஆசை, எம்புட்டு வளந்திருக்கோம்னு பாப்போம்னு. அவ தலைய விட்டு எறங்கி, எந்திரிச்சு நின்னு, உத்திரத்த எட்டிப் பாத்துச்சு. ஒரு சாண்தான் கொறச்சல். ஆனா அது எறங்குனதுல பிள்ளைக்குத் தலை லேசாயிட்டு. அப்பன் போன நாள்லருந்து தரையையே பாத்துக்கிட்டு இருந்தவ, நிமிந்து பாத்தா.

அடுப்படியில அத்தை உக்காந்திருக்கா. கண்ணுல தண்ணி வடியுது.

"அத்தை, ஏன் அழுத?"

"ஒண்ணுமில்லட்டி. பொகை."

பொகையா? அடுப்பு இன்னும் பத்தவே வைக்கல! அத்தைக்குப் பின்னால பாத்தா, யாத்தே, அடுப்படி நெறைய ஒரு பூதம். உத்திரம் இடிச்சு, கழுத்த மடக்கிக்கிட்டு, தொந்தியும் தொப்பையுமா உக்காந்திருக்கு. அத்தை சொன்ன 'ஒண்ணுமில்ல'ய மெதுவா மென்னு முழுங்குது.

"யாரு அது?"ன்னா உலகு.

"எங்க பெரியம்மை"ன்னு பெருமையா சொல்லுது உலகோட பூதம். "உங்க அத்தைய எப்பமோ பனங்காட்டுக்குக் கொண்டுபோயாச்சு. இங்க சமைக்கது வெறும் ஒடம்பு."

அப்பம் வந்துச்சு பாரு பிள்ளைக்குக் கோவம்! பயமெல்லாம் எங்கிட்டோ போச்சு. அவ பூதம் அவ வாயப் பொத்துச்சு. நறுக்குன்னு அதுங் கையக் கடிச்சா. வீடு அதிருத மாதிரிக் கத்துனா. "அத்தை! எனக்கு எங்க அம்மை வேணும்! தம்பி வந்ததுலருந்து என்னைய யாருக்கும் பிடிக்கல. எனக்கு இங்க பயமா இருக்கு. நான் ஒண்ணுமில்லன்னு பொய் சொன்னேன் அத்தை!"

ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல பூதம் கன்னுக்குட்டியாச்சு, வெள்ளாடாச்சு, பூனையாச்சு, எலிக்குஞ்சாச்சு. அந்தச் சத்தம் பனங்காடு வரைக்கும் எட்டுச்சு போல, அத்தை கையில இருந்த சட்டி கீழ விழுந்துச்சு. அவளும் நிமிந்து பாத்தா. பாத்ததும் வீடு கூட்டுற வாரியல எடுத்து எலிக்குஞ்ச ஓங்கி ஒரு சாத்து! பிள்ளைய வாரி மடியில போட்டுக்கிட்டா.

"ஐயோ எம்மா, ஒருவாட்டி கேட்டுட்டு விட்டுட்டேனேட்டி. இன்னொருவாட்டி கேட்டிருக்கப்படாதா நான்?"

"இப்பம் நீ சொல்லு அத்தை."

"எனக்கென்னட்டி, ஒண்..."

பெரிய பூதம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கு. அத்தை அதப் பாத்தா. பாதிச் சொல்ல அப்படியே விழுங்கிட்டா. பேசிப் பழகாத வாயி பாரு, ஒவ்வொரு சொல்லா இழுத்துத்தான் வருது.

பெறவு பைய சொன்னா. "உன்ன விடக் கொஞ்சம் பெரிய பிள்ளையா இருக்கையில என்னையக் கெட்டிக் குடுத்துட்டாவ. இந்தப் படப்புக்குப் பின்னாலதான் உக்காந்து அழுவேன். மாமியா கேட்டாவ, ஒண்ணுமில்லன்னேன். அன்னையிலருந்து அதையேதான் சொல்லுதேன்."

அம்புட்டும் சொல்லியும் பெரிய பூதம் ஒரு விரக்கடைதான் சுருங்குச்சு. வருசக்கணக்காத் தின்னு கொழுத்ததுல்லா.

அப்பனுக்கு ஆள் போச்சு. அம்மையே தம்பியத் தூக்கிக்கிட்டுப் படகேறி வந்தா. உலகு அவ முகத்துக்கு நேரா, "நீ என்னைய அனுப்புனது எனக்குப் பிடிக்கலம்மா"ன்னு சொன்னா. அம்மை கோவிக்கல. கட்டிப் பிடிச்சு அழுதா, தலை பின்னி விட்டா, கூட்டிட்டுப் போனா.

அடி வாங்குன எலிக்குஞ்சு எங்க போச்சுங்கியளா? பசி பொறுக்காம மாடத்தி வீட்டுக்குப் போச்சு. "மாடத்தி, யாருகிட்டயும் சொல்லாத"ன்னு ஆரம்பிச்சுச்சு. அவ "யம்மா, இங்க ஒரு கருப்பு மூதி என்னமோ சொல்லாதங்கு"ன்னு தெருவுக்கே கேக்கக் கத்திட்டா. தின்ன ஒண்ணும் கெடைக்காம, கூரையில வத்தலாக் காஞ்சு செத்துச்சு சனியன்.

அத்தையோடது சாகல. பொய் சொல்ல மாட்டேன் உங்ககிட்ட. அத்தை தெனமும் மாடத்தி அம்மைகிட்ட உக்காந்து ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை சொல்லுவா. மாமா வந்தா அவர எழுப்பி உக்கார வச்சும் சொல்லுவா. பூதம் பட்டினியில சுருங்கிச் சுருங்கி, அவ கெழவியாகையில பூனை தண்டி ஆயி, மூலையில படுத்துக் கெடந்துச்சு. சில நா மடியில ஏறப் பாக்கும். போ அங்கிட்டுன்னு தள்ளி விட்டுருவா.

அம்புட்டுதான் கதை, ஆறு அந்தப் பக்கம், நாம இந்தப் பக்கம். எலிக்குஞ்சா இருக்கும்போதே சொல்லிட்டா ஒரு வாரியல் அடியில போயிரும். வளர விட்டா ஆயுசு பூரா விரட்டணும். நெஞ்சுல எதுவும் கெடந்தா இப்பமே வந்து சொல்லிட்டுப் படுங்க, நான் முழிச்சுத்தான் கெடப்பேன்.