சம்பூரணத்தின் விசைப்பலகை

மலையடிவார ஆசிரமத்துக்குத் துக்கக் கடிதங்கள் நிறைய வரும். குரு சொல்லும் பதிலைக் கணினியில் அடித்து அனுப்புவது சம்பூரணம் அம்மாளின் வேலை. பதினெட்டு வருடமாக வேறு யாரும் அந்த வேலையைத் தொட்டதில்லை.

இந்த ஆண்டு அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. விசையில் வைத்த விரலைச் சட்டென்று எடுக்க முடியவில்லை. ஒரே எழுத்து நாலைந்தாக விழுந்தது. பார்வையும் மங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை அடிக்கும் கடிதம் சரியாக வராவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் அழவில்லை, கேட்டவர்களுக்குத்தான் தாங்கவில்லை.

சீடன் பரஞ்சோதி இங்கே வருவதற்கு முன் கணினிக் கம்பெனியில் இருந்தவன். அந்தக் கணினியை இயக்கும் லினக்ஸ் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வியாழன் முழுக்க உட்கார்ந்து திரையில் எழுத்தைப் பெரிதாக்கினான். விசையை அழுத்தியபடி இருந்தாலும், அதே எழுத்தை மறுபடி போடுமுன் கணினி கொஞ்சம் பொறுக்கும்படி வைத்தான். தானே ஒரு பக்கம் அடித்துப் பார்த்தான். ஒரு பிழை இல்லை.

வெள்ளி காலை சம்பூரணம் தன் பெயரைக் கொடுத்துக் கணினியைத் திறந்தார். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய்க்குப் பதில் போக வேண்டும். திரையில் அதே பொடி எழுத்து. ‘கலலலலங்காதீர்கள்’ என்று விழுந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“போதும் தம்பி. அந்தம்மா அழுதுகிட்டே படிப்பாங்க. இப்படியா போகணும்?”

பரஞ்சோதி குருவிடம் ஓடினான். எல்லாம் சரியாகத்தான் செய்தேன், எனக்கு நன்றாக வந்தது, அவருக்கு ஏன் வரவில்லை என்று கேட்டான். குரு எழுந்து வந்து திரையைப் பார்த்தார்.

“யார் பேர்ல திறந்து மாத்துன?”

“என் பேர்ல, சாமி.”

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அந்தக் கணினியில் ஒருவர் தன் பெயரில் வைக்கும் அமைப்பு அவருக்கு மட்டும்தான். பன்னிரண்டு வருடம் இதே தொழிலில் இருந்தவன்; முகம் செத்துவிட்டது.

அவசரமாக அம்மாளின் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் பெயரிலேயே அமைப்புகளைத் திறந்தான். எழுத்தைப் பெரிதாக்கினான். பொறுக்கும் நேரத்துக்கு வந்ததும் அவன் கை நின்றது.

“இது எவ்வளவு நேரம் பொறுக்கணும், சாமி?”

“என்னை ஏன் கேக்குற? கை அவங்களோடது.”

பரஞ்சோதி நாற்காலியை விட்டு எழுந்தான். சம்பூரணம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் அடிக்க அடிக்க, பக்கத்தில் மண்டியிட்டு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வந்தான். ஐந்தாவது தடவை ‘கலங்காதீர்கள்’ என்று விழுந்தது.

சம்பூரணம் அடுத்த சொல்லுக்குப் போனார்.